கவ்வாத்துத் தண்டும் கித்துள் மரமும்

இலங்கை மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் தேயிலைக் கவ்வாத்து நடந்த மலைக்கு மறுநாளே போய்ப் பாருங்கள். கத்தி சரிவாக வெட்டிய ஒவ்வொரு தண்டிலும் தாவரவியல் பாடம் திறந்து கிடக்கும். வெளியே பட்டை. அதை ஒட்டி, இலை ஆக்கிய சீனியைக் கொண்டுபோகும் உரியம். உள்ளே வெள்ளைக் கட்டையாக, வேர் உறிஞ்சிய நீரை ஏற்றும் காழ். இரண்டுக்கும் நடுவே மிக மெல்லிய வளையமாக மாறிழையம்.

தேயிலையின் உயிரே இந்த வளையத்தில்தான். உட்பக்கம் காழையும் வெளிப்பக்கம் உரியத்தையும் அது புதிது புதிதாகச் சேர்க்கிறது. வெட்டுவாயின் ஓரத்திலிருந்து காயத்தை மூடிக்கொண்டும் வருகிறது. வேரில் சேர்ந்த மாப்பொருள் சீனியாக மேலேறி, உறங்கும் அரும்புகளை எழுப்புகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொட்டையடித்தாலும் செடி மறுபடி கொழுந்து விடுவது இப்படித்தான். மழுங்கிய கத்தி பட்டையைக் கிழித்துவிட்டால் அந்த வழியாகப் பூஞ்சை நுழைந்து கட்டை உக்கும். சுத்தமாக வெட்டத் தெரிந்த தொழிலாளியின் கையை நான் பெரிய படிப்பாகவே மதிக்கிறேன்.

பனை இனமான கித்துள் மரத்தின் கதை வேறு. அதில் வளையமே கிடையாது. காழும் உரியமும் சேர்ந்த கலன்கட்டுகள் தண்டெங்கும் புள்ளிபுள்ளியாகச் சிதறி, ஓரத்தில் நெருங்கி நிற்கின்றன. அதனால்தான் வெளிப்புறம் இரும்பாகவும், கித்துள் மா எடுக்கும் உட்புறம் மெத்தென்றும் இருக்கிறது. மாறிழையம் இல்லாததால் தண்டில் பட்ட வெட்டு மூடாது. குருத்தை வெட்டினால் மரமே போய்விடும். பாளையைச் சீவும்போது வடிவது உரியத்தில் ஓடும் சீனி நீர். பாணியும் கருப்பட்டியும் அதிலிருந்துதான்.

வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே பாய்ந்தது மரம் என்று தொல்காப்பிய மரபியல் பிரித்துவைத்திருக்கிறது. நுணுக்குக்காட்டி இல்லாத காலத்தில் அப்படிப் பார்த்த கண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

ஓடைக்கரை மரப்பன்னத்திலோ கலன்கட்டுகள் நெளிந்த நாடாக்களாக ஓடுகின்றன. தண்டைச் சுற்றிப் பின்னிய வேர்களும் அதைத் தாங்குகின்றன. பாறைப் பாசிக்கு அந்த வகைக் குழாய்களே இல்லை. ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சுவதால் அது உயர்வதில்லை.

தண்டின் உள்ளமைப்புக்குப் பாடநூல்களில் வழக்கமாக வருவது சூரியகாந்தியும் சோளமும். தோட்டப் பகுதிகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலைகளோ குறைவு. ஆசிரியர்களே, கவ்வாத்துக் குச்சி ஒன்றை வகுப்புக்கு எடுத்து வாருங்கள். காசித்தும்பைத் தண்டைச் சிவப்பு மை கலந்த நீரில் ஓர் இரவு வைத்து, பிளேடால் மெல்லியதாகச் சீவி, கைவில்லை ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.