தூண்டில் வீசுவது வேட்டையா?

ஆற்று மீனைத் தூண்டிலில் பிடித்து, எடை குறித்துக்கொண்டு, உயிரோடு நீரிலேயே விட்டுவிடுவது வேட்டை ஆகுமா? 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உயிரினங்களைப் பிடிப்பதையும் வேட்டை என்றே கொள்கிறது. அந்த வரையறையின் பேரில்தான் கர்நாடகத்தின் காவிரி வன உயிரினச் சரணாலயத்தில் பீமேஸ்வரி, தொட்டமாகளி, கலிபோர் முகாம்களில் நடந்துவந்த தூண்டில் மீன்பிடிப்பு நின்றுபோனது. கலிபோரில் 2012-ஓடு அது முடிந்தது. சட்டத்தின் சொற்படி இதில் பிழை காண்பது கடினம். விளைவைப் பற்றித்தான் எனக்குக் கேள்விகள் இருக்கின்றன.

காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத திமில் மாசீர் மீன் வாழும் நீர்ப்பரப்பு அது. 1946இல் காவிரியின் கிளையாறான கபினியில் 120 பவுண்டு மாசீர் ஒன்று தூண்டிலில் சிக்கியது. அந்தப் புகழே பிற்காலத்தில் வெளிநாட்டினரை அங்கு ஈர்த்தது. முகாம்களில் வழிகாட்டிகளாக வேலை செய்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். அவர்களில் சிலர் முன்பு வெடி வைத்து மீன் பிடித்தவர்கள். வெடிக்கு இரையான மீன் ஒரே ஒருமுறை விலை போகும். விடுவிக்கப்படும் மீனோ பல பருவங்களுக்குக் கூலி தரும். யாருக்கும் உரிமையில்லாத மீன்வளம் ஏன் சூறையாடப்படுகிறது என்பதை ஸ்காட் கார்டன் என்ற பொருளியலாளர் 1954இலேயே விளக்கிவிட்டார். பல்லாண்டுகள் வகுப்பறையில் நான் கற்பித்த அந்தக் கட்டுரைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. முகாம் மூடப்பட்டபோது, மீன் உயிரோடு இருப்பதால் ஆதாயம் பெற்ற ஒரே தரப்பு ஆற்றங்கரையிலிருந்து வெளியேறியது.

இதனால் தூண்டில்காரர்களைப் புனிதர்களாக்க நான் விரும்பவில்லை. மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்ந்த நீலத் துடுப்பு மாசீர் குஞ்சுகள் 1970-களிலிருந்து காவிரியிலும் விடப்பட்டன. மீன் பெருகினால் நல்லதுதானே என்ற எண்ணம்! வந்த இனம் பெருகியது, மண்ணுக்குரிய திமில் மாசீர் அருகியது. இந்த உண்மை எப்படித் தெரியவந்தது என்பது முக்கியம். 1998 முதல் 2012 வரை கலிபோரில் பிடித்துவிட்ட மீன்களைப் பற்றித் தூண்டில்காரர்கள் எழுதிவைத்த குறிப்பேடுகளே அதற்குச் சான்று. திமில் மாசீருக்கு 'டோர் ரேமாதேவி' என்ற அறிவியல் பெயர் உறுதியானது 2018இல்தான். அதே ஆண்டில் அது மிக அபாய நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. குறிப்பேடு எழுதுவோர் அதற்கு முன்பே போய்விட்டனர்.

இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றில் நிலைமை வேறு. அங்கே இறகும் நூலும் கட்டிப் பூச்சிபோலச் செய்த தூண்டிலை வீசும் 'ஃபிளை ஃபிஷிங்' பயணங்களுக்கு அரசே உரிமச் சீட்டு வழங்குகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை தடை. பிடிபடுவது ஆங்கிலேயர் கொண்டுவந்த டிரவுட். அயல் மீனுக்கு ஒழுங்குமுறையும் காவலும் உண்டு, நம் ஆற்றுக்கே உரிய மீனுக்குத் தடை மட்டும்தான்.

மீனுக்கு வலிக்காதா என்ற கேள்வி நியாயமானது. விடுவிக்கப்படும் மீன்கள் அனைத்தும் பிழைப்பதுமில்லை. ஆனால் இழப்பைக் குறைக்கும் முறைகள் தெரிந்தவையே. முகாம்களில் பெரும்பாலும் இரையாக இருந்த ராகி உருண்டையை மீன் விழுங்கிவிடக்கூடும். பூச்சித் தூண்டில் பெரும்பாலும் உதட்டிலேயே மாட்டும். கொக்கியில் எதிர்முள் இருக்கக் கூடாது. ஈரக் கையால் மட்டுமே மீனைத் தொட வேண்டும், படம் எடுப்பதற்காக நீருக்கு வெளியே தூக்கிப் பிடிக்கலாகாது. நீர் வற்றிச் சூடேறும் கோடையில் தூண்டில் பக்கமே போகாதிருப்பது நல்லது. பயணம் நடத்துவோர் இவற்றை அறிவுரையாகச் சொல்கிறார்கள். இவை உரிமத்தின் நிபந்தனைகளாக வேண்டும்.

சரணாலயங்களை உல்லாச விடுதிகளுக்குத் திறந்துவிடும் யோசனையை நான் ஏற்கவில்லை. அறிவியல் மேலாண்மைக்கு அனுமதி வழங்க அதே சட்டத்தின் 12ஆவது பிரிவு இடமளிக்கிறது. அதன் வழியே, குறிப்பிட்ட சில மடுக்களில், கரையோரக் கிராமத்தவரின் பொறுப்பில், ஒவ்வொரு மீனையும் பதிவு செய்யும் கடப்பாட்டுடன் சோதனை முயற்சி ஒன்றைத் தொடங்கலாம். இது கர்நாடகத்தின் விவகாரம் மட்டுமன்று. திமில் மாசீர் நம் மாயாற்றிலும் உண்டு. காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயத்தைத் தமிழ்நாடு 2022இல் அறிவித்திருக்கிறது. இந்த நீர்நிலைகளில் மாசீரை எண்ணிக் கணக்கு வைக்கப்போவது யார், அவருக்குக் கூலி எங்கிருந்து வரும் என்பதை வனத்துறை தன் மேலாண்மைத் திட்டத்தில் முதலில் எழுதட்டும்.