மார்கழியில் முரண்டு பிடிக்கும் பவர் ஸ்பிரேயர்

'மார்கழி விடிகாலையில் டூ-ஸ்ட்ரோக் பவர் ஸ்பிரேயர் லேசில் ஸ்டார்ட் ஆவதில்லை. கார்புரேட்டர் ஜெட்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?'
- வாசகர், கீழ்வேளூர்

வேண்டாம். காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும். பெட்ரோல் பங்கு குறைந்துபோகும். கனடா போன்ற உறைபனி நாடுகளில் பெரிய ஜெட் போடுவது இதனால்தான். நாகையில் சித்திரை வெயிலுக்கும் மார்கழி விடியலுக்கும் சுமார் 15 டிகிரிதான் வித்தியாசம். அடர்த்தி 5 சதவிகிதம் கூடினால் அதிகம். அதற்குச் சோக் போதும். சோக்கைப் போட்டுக் கயிற்றை இழுத்து, இன்ஜின் சூடானதும் சோக்கை எடுத்துவிட வேண்டும்.

பெரும்பாலும் கோளாறு டேங்கில்தான். இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும். குறுவைக்கு ஊற்றியது சம்பா வரை கிடந்தால் கெட்டுப்போகும், அடியில் தண்ணீரும் தங்கலாம். அதை வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினாலே பல மெஷின்கள் கிளம்பிவிடும். 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி; எது என்பது மெஷினோடு வந்த கையேட்டில் இருக்கும்.

அப்புறம் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். துடைத்து மாட்டினால் போதும். வெளுத்திருந்தால் ஜெட்டில் அடைப்பு இருக்கலாம். கம்பியால் குத்தாமல் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஜாமாகிவிடும். புகையான் ஏறிய வயலில் மெஷின் நின்றால், ரிப்பேர் செலவைவிட மருந்தடிக்கத் தவறும் இரண்டு நாள்தான் பெரிய நஷ்டம்.