சனி ஞாயிறு விருந்தினர்

தேர்தற் காலத்துச் சனி, ஞாயிறுகளிற் புதுக்குடியிருப்புப் படலைகள் அடைபடுவதில்லை. அபேட்சகர் வருவார், தேநீர் அருந்துவார், “என் இலக்கத்தை மறவாதீர்கள்” என்பார். சின்னத்தை அன்றோ சொல்ல வேண்டும் என நேயர்கள் வினவலாம். 1989 தொடக்கம் பாராளுமன்றத் தேர்தலிற் கட்சிக்கு ஒரு புள்ளடி. பின்னர் அப்பட்டியலில் நாம் விரும்பும் மூவர்வரை அவரவர் இலக்கத்திற்கும் புள்ளடி இடலாம். வன்னியின் ஆறு ஆசனங்களுக்கு ஒரு பட்டியலில் ஒன்பதின்மர் நிற்பர். ஆகவே மேடையில் அருகிருந்து கைதட்டும் எண்மரும் அவருக்குப் போட்டியாளரே! பாவம், யாரைத்தான் நம்புவார்?

முன்னர் இவ்வாறில்லை. 1977 இல் முல்லைத்தீவு தனித்தொகுதியாயிற்று. செல்லத்தம்பு அதன் உறுப்பினரானார். குளமோ பள்ளிக்கூடமோ, குறை சொல்ல இன்னார் என்று ஓர் ஆள் இருந்தார். இன்றோ மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் ஒரே தேர்தல் மாவட்டம். இரண்டு நாளில் அத்தனையும் சுற்றுபவர் ஒரு வளவிற் பத்து நிமிடம் தங்குவதே பெரிது. 2009 இல் யாவும் இழந்து மீண்ட குடும்பங்களிடம் காணி உறுதி தொலைந்த கதை உண்டு. வீடு திரும்பாத பிள்ளையின் கதையும் உண்டு. பத்து நிமிடத்தில் எதனைச் சொல்வது?

ஆச்சிமார் கெட்டிக்காரர். கதையை விடுத்து ஒன்றே கேட்பர்: “வெண்டாப் பிறகு உங்களை எங்கை வந்து பாக்கிறது, தம்பி?”

தம்பியும் இலக்கம் ஒன்று சொல்லுவார். அது தொலைபேசி இலக்கமன்று.