பாட்டி வைக்கும் பரீட்சை

தாய்மொழி சரளமாக வராத ஒரே காரணத்தால் ஒரு வேட்பாளரின் பெயர் வாக்குச் சீட்டிலிருந்து நீக்கப்பட்டது. 2014-ல், அமெரிக்காவில் நடந்த கதை இது. அரிசோனா, நியூ மெக்ஸிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரவிக் கிடக்கும் நவஹோ பழங்குடியினரின் பிரதேசத்துக்குத் தனி அரசும் நீதிமன்றமும் ஜனாதிபதியும் உண்டு. ஜனாதிபதிக்கு நவஹோ மொழி சரளமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றது சட்டம். முதல் சுற்றில் இரண்டாம் இடம் பிடித்த கிறிஸ் டெஷீன், பேசிக் காட்டச் சொன்னபோது மறுத்துவிட்டார். வெளியேற்றப்பட்டார்.

இதில் வேதனையான முரண் ஒன்று உண்டு. டெஷீனின் தாத்தா, இரண்டாம் உலகப் போரில் அந்த மொழியையே ஆயுதமாக ஏந்தியவர்களில் ஒருவர். 1942-ல் அமெரிக்க மரைன் படை 29 நவஹோ இளைஞர்களைக் கொண்டு ரகசியச் சங்கேதம் ஒன்றை உருவாக்கியது. ஆமை என்றால் டாங்கி, இரும்பு மீன் என்றால் நீர்மூழ்கிக் கப்பல். ஜப்பானியர்களால் கடைசிவரை அதை உடைக்க முடியவில்லை. ஆனால், அதே அரசின் உறைவிடப் பள்ளிகளில் நவஹோ பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனைதான் கிடைத்தது. அடிபட்டு வளர்ந்தவர்களில் பலர், தங்கள் பிள்ளைகளாவது தப்பிக்கட்டும் என்று வீட்டில் ஆங்கிலம் பேசினார்கள். தாத்தாவின் மொழி பேரனுக்கு எட்டாமல் போனது இப்படித்தான்.

இப்போது பேரன் பேத்திகள் திரும்பி வருகிறார்கள். கருவிகளுக்குக் குறைவில்லை. ராபர்ட் யங், வில்லியம் மோர்கன் இருவரும் தொகுத்த பிரம்மாண்டமான இலக்கண அகராதி 1980-ல் வெளிவந்தது. 2013-ல் 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படமே நவஹோ பேசியது. 2018 முதல் செல்போனிலும் பாடம் படிக்கலாம்.

ஆனால், பாடத்தை முடித்துவிட்டுப் பாட்டியின் அடுப்படிக்குப் போய் 'அதைக் கொடு' என்று கேட்கும்போதுதான் சிக்கல். எதைக் கொடுப்பது? உருண்டையான பொருளுக்கு ஒரு வினைச்சொல், நீளமான குச்சிக்கு வேறொன்று. துணிக்கு, சேறுபோல் குழைந்த பொருளுக்கு, கோப்பையில் இருக்கும் காபிக்கு, உயிருள்ள ஆட்டுக்குட்டிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. போதாக்குறைக்கு, குரலைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ பொருள் மாறிவிடும். பாட்டி சிரித்துவிடுகிறாள். அவளுக்கு அது வேடிக்கை. இருபது வயதுப் பேரனுக்கோ அத்தோடு வாய் அடைத்துப்போகிறது. ஒரு காலத்தில் பிரம்பு செய்த வேலையை இன்று கூச்சம் செய்கிறது.

இருந்தும் பாட்டியை விட்டால் வேறு வழியில்லை. நவஹோக்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும்போது பெயரோடு நிறுத்துவதில்லை. தாயின் குலம், தந்தையின் குலம், தாய்வழித் தாத்தாவின் குலம், தந்தைவழித் தாத்தாவின் குலம் என்று நான்கையும் சொல்ல வேண்டும். கேட்பவர் உடனே உறவுமுறை கண்டுபிடித்துவிடுவார். முன்பின் தெரியாத கிழவி 'நீ எனக்குப் பேரன் முறை' என்பாள். 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்கும் நம் ஊர்ப் பாட்டிகளுக்கு இது புரியும். செல்போன் வாக்கியத்தைத் திருத்தும்; உறவு சொல்லி அழைக்காது.

அவகாசம்தான் குறைந்துகொண்டே வருகிறது. மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்களில் பலர் முதியவர்கள். 2020-ல் கொரோனா நவஹோ பிரதேசத்தைக் கடுமையாகத் தாக்கியபோது, ஒவ்வொரு முதியவரின் மரணத்தோடும் ஓர் ஆசிரியரும் போனார்.

2015 ஜூலையில் நடந்த பொது வாக்கெடுப்பில் சட்டம் தளர்ந்தது. வேட்பாளருக்கு மொழி போதுமா என்பதை இனி வாக்காளர்களே தீர்மானிக்கலாம். மக்கள் மனமிரங்கி விதியை மாற்றிவிட்டார்கள். மொழி இரங்குமா? தப்பும் தவறுமாகப் பேசத் துணியும் பேரனும், சிரித்து முடித்த பிறகு சரியான சொல்லைச் சொல்லிக்கொடுக்கும் பாட்டியும் ஒரே அடுப்படியில் உட்கார்ந்தால்தான் அது பிழைக்கும்.