கைலி உடுத்தி அமர்தல்

சென்ற ஆண்டு மாணவர் சேர்க்கையின்போது, கீழ்பென்னாத்தூருக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து ஒரு மாணவன் விண்ணப்பத்துடன் வந்தான். தகப்பனார் வரவில்லையா என வினவினேன். "அத்தா வந்திருக்காங்க சார். கைலி கட்டியிருக்காங்க, அதான் வேப்பமரத்தடியில நிக்கச் சொன்னேன்" என்றான். அவ்விடை நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

அமர்ந்தால் விலகும் உடை கைலி எனப் பலர் இகழ்கின்றனர். அமரத் தெரியாதவர்க்கே அது விலகும். இரு முனைகளையும் சேர்த்து மூட்டிய கைலி, வேட்டியைப் போல் முன்புறம் பிரிவதில்லை. மடித்துக் கட்டியிருப்பவர் பெரியவரைக் கண்டதும் இறக்கிவிடுவார், அமருமுன்னும் அவ்வாறே. நாற்காலியில் அமர்வோர் முன்புறத் துணியை முழங்கால்களுக்கிடையே ஒதுக்கிக்கொள்வர். சம்மணமிட்டால் அதுவே பாதங்களை மூடும். குத்தவைத்து அமர்கையில்தான் கவனம் மிக வேண்டும். அப்போது துணியைத் தொடைகளுக்கிடையே செருகிக்கொள்வது உழவர் வழக்கம். எந்தப் பாடநூலிலும் இது இல்லை. திண்ணையில் பாட்டனாரைப் பார்த்துப் பேரன் கற்றது.

ஒற்றை ஆடையணிந்து, மறைவிடம் வெளிப்படுமாறு முழங்கால்களை உயர்த்தி அமர்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாகப் புகாரி நூல் கூறுகிறது. ஒற்றை ஆடையை அவர்கள் விலக்கவில்லை. அமரும் முறையையே திருத்தினார்கள் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வள்ளுவரோ நட்புக்கு உவமை தேடியபோது, நழுவும் ஆடையைப் பற்ற விரையும் கையையே கண்டார். இறுகிய கால்சட்டையும் குட்டைச் சட்டையுமாய் சஜ்தா செய்யும் இளைஞரால் பின்வரிசையார் படும் பாட்டை நான் எழுத வேண்டியதில்லை, ஜமாஅத்தார் அறிவர்!

ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆடவர் அணியும் 'கில்ட்' முழங்காலளவே நிற்பது. அமருமுன் பின்மடிப்புகளைக் கையால் தடவிப் படியவைத்து, முன்பகுதியை முழங்கால்களிடையே தாழவிடுவர். இடுப்பிலிருந்து தொங்கும் தோற்பை அதற்குப் பாரமாகும். 1746இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவ்வுடைக்குத் தடை விதித்தது. 1782இல் தடை நீங்கியது. இன்று அவர்கள் மணவிழாக்களில் அதனைப் பெருமிதத்துடன் அணிகின்றனர்.

நம் நாட்டிலும், 2014இல் வேட்டியணிந்து சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் சென்னைச் சேப்பாக்கத்துக் கிளப் ஒன்றில் தடுக்கப்பட்டார். அவ்வாண்டே தமிழகச் சட்டமன்றம் அத்தகைய தடைகளை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. ஆயினும் தந்தையை மரத்தடியில் நிறுத்தும் மகனை எச்சட்டம் தடுக்கும்?

அவரை உள்ளே அழைத்துவரச் சொன்னேன். படியேறுமுன்னே மடித்துக் கட்டியதை இறக்கிவிட்டார். சலாம் கூறி, கைலியை ஒதுக்கிக்கொண்டு, கால்களைச் சேர்த்து நாற்காலியில் அமர்ந்தார். மகன் சற்றுநேரம் நின்றான். பிறகு இன்னொரு நாற்காலியை இழுத்து, தந்தையின் அருகில் போட்டுக்கொண்டான்.