கப்பு நம்மளுது... கிரவுண்டு?

சொந்த ஊரு திருப்பூரு, பொழப்பு கோயமுத்தூரு. இந்த ஒரு வரியிலயே என் கஷ்டம் பாதி புரிஞ்சிருக்கும். டி.என்.பி.எல். சீசன் வந்துட்டா ஆபீஸ்ல எல்லாரும் லைகா கோவை கிங்ஸ். நான் மட்டும் ஐட்ரீம் திருப்பூர் தமிழன்ஸ். 2022-ல கோவைல நடந்த ஃபைனல் மழைல போயி, சேப்பாக்கும் கோவையும் கப்பைப் பங்கு போட்டுக்கிட்டாங்க. 2023-ல நெல்லைய 104 ரன்ல ஜெயிச்சு கோவையே முழுசா எடுத்துக்குச்சு. 2024-ல மறுபடி ஃபைனல். இந்த மூணு வருசமும் நான் டிபன் பாக்ஸத் தொறந்தாலே "உங்க டீம் எங்கப்பா?"ன்னு ஒரு குரல் வரும்.

அதனால 2025 ஜூலை 6-ந்தேதி ஞாயித்துக்கிழமை ராத்திரி நான் ஆடுன ஆட்டத்த மன்னிச்சுருங்க மக்களே. ஃபைனல்ல திண்டுக்கல் டிராகன்ஸ 118 ரன் வித்தியாசத்துல துவைச்சு முதல் தடவையா கப்பு அடிச்சோம். சூட்டோட சூடா எழுதியிருந்தா வெறும் விசிலா இருந்திருக்கும். ஆறட்டும்னு விட்டுட்டேன். இப்ப நல்லாவே ஆறிப்போச்சு, அதான் இந்தப் பதிவு.

மொதல்ல ஒண்ணு. எங்கூர்ல ஷிப்மென்ட் போயிருச்சுன்னு யாரும் உடனே சந்தோசப்பட மாட்டாங்க. காஸ்டிங்க எடுத்து வெச்சு உக்காந்து, எங்க மிச்சமாச்சு, எங்க கையக் கடிச்சுதுன்னு பாத்துட்டுத்தான் சிரிப்பே வரும். ஜெயிச்ச மேட்ச்சையும் அப்படித்தான் பாக்கணும்ங்கறது என் கட்சி. தோத்தா எல்லாரும் தப்பு கண்டுபுடிப்பான். ஜெயிச்ச அன்னிக்கு கண்டுபுடிக்கறவன்தான் நெசமான ரசிகன்.

ஃபைனல் முடிஞ்ச மறுநா காலைல எங்க தெருமுனை பேக்கரில டீ குடிக்கறப்ப மூணு தீர்ப்பு கெடைச்சுது.

தீர்ப்பு 1, என் கூட்டாளி: "மாப்ள, இது டீமே இல்ல. துஷார் ரஹேஜா ஒருத்தன் தூக்கிட்டு வந்தான், மத்தவனெல்லாம் போட்டோவுக்கு நின்னான்."

தீர்ப்பு 2, தீவிர கோவை கிங்ஸ் அண்ணன் ஒருத்தர்: "அஷ்வின் சீக்கிரம் போயிட்டாருங்க தம்பி, அதான் ஜெயிச்சீங்க. அவரு நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி."

தீர்ப்பு 3, பேக்கரி மாஸ்டர்: "அது திருப்பூர் டீமே இல்லீங்களே. காரைக்குடில இருந்து வந்ததுதானுங்க?"

மூணையும் ஒவ்வொண்ணா எடுத்துக்கறேன். மூணாவதுதான் ராத்திரி தூங்க விடல. அது கடைசில.

ரஹேஜா மட்டும்தானா?

நாம 20 ஓவர்ல 5 விக்கெட்டுக்கு 220. ரஹேஜா 46 பந்துல 77, அமித் சாத்விக் 34 பந்துல 65. ரெண்டு பேரும் சேந்து 80 பந்துல 142. இத மட்டும் பாத்தா கூட்டாளி சொல்றது சரி மாதிரிதான் இருக்கு. ஆனா மிச்சத்தக் கணக்குப் போடுங்க. மீதி 40 பந்துல, எக்ஸ்ட்ராவும் சேத்து, 78 ரன். பந்துக்குக் கிட்டத்தட்ட ரெண்டு. ஓப்பனர்கள விட வேகம்! நல்ல ஸ்டார்ட் கெடைச்சும் நடுவுல வர்றவங்க தடவித் தடவி 180-ல நிறுத்துன மேட்ச்ச நாம எத்தன பாத்திருக்கோம்? இவங்க அப்படி விடல. அம்பது கிம்பதுன்னு பேரு வாங்கல, அவ்ளோதான். வந்தாங்க, சுத்துனாங்க, போனாங்க. டி20-ல அதுதான் வேலையே.

இருந்தாலும் கூட்டாளிக்குப் பாதி மார்க் குடுத்துடறேன். அந்த சீசன் முழுக்க ரஹேஜா 488 ரன். தொடர் நாயகனும் அவர்தான். ஒருத்தர் அத்தன அடிக்கற வருசத்துல மத்தவங்களோட ஓட்டை வெளிய தெரியாது. மேல ரெண்டு பேரும் மூணாவது ஓவர்லயே கெளம்பிட்டா என்னாகும்? 2024 குவாலிஃபையர் ரெண்டுல இதே திண்டுக்கல்கிட்ட 108-க்குச் சுருண்டு 9 விக்கெட்ல தோத்தது ஞாபகம் இருக்குதுங்களா? எனக்கு இருக்கு. அன்னிக்கி பாதி ராத்திரி வரைக்கும் மொட்டமாடில உக்காந்திருந்தேன். அந்தக் கேள்விக்கு 2025 ஃபைனல் பதில் சொல்லல. கேள்வியே வராமப் பாத்துக்கிச்சு. ரெண்டும் வேற வேற.

அஷ்வின் போனதாலயா?

கோவை அண்ணன் சொல்றதுலயும் கொஞ்சம் நெசம் இருக்கு. எலிமினேட்டர்ல திருச்சிக்கு எதிரா 83 ரனும் அடிச்சு மூணு விக்கெட்டும் எடுத்தவரு அஷ்வின். அவரு நின்னா மேட்ச்சு நிக்கும். 2024-ல மொதல்ல எங்களையும், அடுத்து ஃபைனல்ல கோவையையும் அனுப்பி வெச்ச ஆளு அவரு. அரைசதம் ரெண்டு மேட்ச்லயும். கொங்கு நாட்டுக்கே கடன் வெச்சிருந்தாருன்னு சொல்லலாம் :-)

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் அவுட்டானதுக்கு ஒரு டீமே 14.4 ஓவர்ல 102-க்கு மடங்குதுன்னா, அது அந்த டீமோட குறை. நம்ம அதிர்ஷ்டம்னு அத எப்படி எழுதறது?

இன்னொண்ணு. அது மொதத் தடவையும் இல்ல. 2025 ஜூன் 8, கோவை எஸ்.என்.ஆர். காலேஜ் கிரவுண்டு. நான் அங்கதான் இருந்தேன். சாய் கிஷோர் பந்துல எல்.பி.டபிள்யூ. குடுத்ததுக்கு அஷ்வின் கோவப்பட்டு பேட்டால கால் பேடுல அடிச்சுட்டுப் போனாரே, அபராதம்கூட போட்டாங்களே, அதே மேட்ச். எல்லா டிவியும் அந்தச் சண்டையத்தான் திரும்பத் திரும்பப் போட்டுது. திண்டுக்கல் 93-க்கு ஆல் அவுட், நாம 9 விக்கெட்ல ஜெயிச்சோம்ங்கறத யாரும் பேசல. ஒரே சீசன்ல ஒரே டீம 93, 102-ன்னு ரெண்டு தடவ சுருட்டுனா அது அதிர்ஷ்டம் இல்லீங்ணா, பௌலிங்.

என்னக் கேட்டா இந்தக் கப்போட நெசமான சொத்து பௌலிங்தான். ஃபைனல்ல யாரும் அஞ்சு விக்கெட்டு ஆறு விக்கெட்டுன்னு எடுக்கல. ஆளாளுக்கு ரெண்டு ஒண்ணுன்னு பங்கு போட்டு எடுத்தாங்க. பேட்டிங்ல ஒருத்தர நம்புன டீம், பௌலிங்ல யாரையும் தனியா நம்பல. 2024 ஏலத்துல 22 லட்சம் குடுத்து சாய் கிஷோர எடுத்தப்ப, "ஒரு ஸ்பின்னருக்கு இவ்ளோவா?"ன்னு நானே பொலம்புனேன். இப்ப வாபஸ் வாங்கிக்கறேன்.

லீக்ல ஏழுக்கு ஏழு ஜெயிச்ச சேப்பாக் சூப்பர் கில்லீஸ் கடைசில என்னாச்சுன்னு பாருங்க. லீக்ல எங்களையும் அடிச்சவங்கதான். குவாலிஃபையர் ஒண்ணுல நாங்க அவங்கள 79 ரன்ல ஜெயிச்சோம். அடுத்து திண்டுக்கல்கிட்டயும் தோத்து வெளிய போயிட்டாங்க. "அதெப்படி, நல்ல டீமு தோத்துருச்சே, அநியாயம்"னு ஒரு நண்பர் கேட்டாரு. அநியாயமெல்லாம் இல்ல. ஏழு நாள் நல்லா ஓடற மிஷினு டெலிவரி அன்னிக்கு மக்கர் பண்ணா அதுக்குப் பேரு என்ன? ஆனா இது நமக்கும் பொருந்தும். நாம ரெண்டே ரெண்டு நாள்ல ரொம்ப நல்லா ஆடுனோம். சீசன் பூராவும் மத்தவங்கள விட மேலன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா அது காஸ்டிங்கே பாக்காம ஸ்வீட்டு வாங்கற கதைதான்.

ஆக என் மார்க்: பௌலிங் 10-க்கு 9, ஓப்பனிங் 9, நடு வரிசை 6. அது 6-ஆங்கறது கூட அது தனியா மாட்டுற அன்னிக்குத்தான் தெரியும்.

இது நம்ம டீம்தானா?

இப்ப மாஸ்டர் கேள்வி. அவரு சொன்னது உண்மை. 2016-ல டி.என்.பி.எல். ஆரம்பிச்சப்ப இந்த டீமுக்குப் பேரு காரைக்குடி காளை. 2019 வரைக்கும் அப்படித்தான் ஆடுச்சு. 2020-ல கொரோனா, லீக்கே நடக்கல. 2021-ல பாத்தா திருப்பூர் தமிழன்ஸ். காரைக்குடில ஒரு பையன் நாலு வருசம் காளைக்குக் கத்தியிருப்பான்ல? அவன்கிட்ட யாராவது கேட்டாங்களா? ஃபைனல் அன்னிக்கி அவன் என்ன நெனச்சிருப்பான்னு நான் யோசிச்சேன், நெசமாத்தான்.

மெல்போர்ன்ல இருக்கற என் மச்சான்கிட்ட போன்ல இதப் பத்திப் பேசுனப்ப அவரு ஊர்க் கதை ஒண்ணு சொன்னாரு. அங்க ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால்னு ஒண்ணு ஆடறாங்க. முட்டை வடிவப் பந்து, நாலு கம்பம், கிரிக்கெட் கிரவுண்டுலயே ஆடுவாங்க. சவுத் மெல்போர்ன்னு ஒரு பழைய டீம், காசு கஷ்டத்துல 1982-ல சிட்னிக்குப் போயிருச்சு. சிட்னி ஸ்வான்ஸ்னு பேரும் ஆச்சு. 1933-ல ஜெயிச்சதுக்கப்புறம் 72 வருசம் கழிச்சு 2005-லதான் மறுபடி கப்பு, அதுவும் நாலே நாலு பாயின்ட்ல. அன்னிக்கு சிட்னிக்காரனும் அழுதானாம், மெல்போர்ன்ல பழைய செவப்பு வெள்ளை ஸ்கார்ஃப போட்டுட்டு இருந்த தாத்தாவும் அழுதாராம். டீம் ரெண்டு ஊருக்கும் சொந்தமாயிருச்சு.

அப்ப எது சொந்தமாக்குதுன்னு யோசிச்சா, பொறந்த எடம் இல்ல. திருப்பூருக்கே அது பொருந்தும்ல? எங்கூர்ல பாதிப் பேரு வெளியூரு. மதுரை, தேனி, ராமநாதபுரம், பீகார், ஒடிசான்னு பொழப்பத் தேடி வந்தவங்க. பத்து வருசம் ஓவர்லாக் ஓட்டுனவர "நீ வெளியூருப்பா"ன்னு சொல்ல எனக்கு வாய் வராது. காரைக்குடில இருந்து வந்த டீம மட்டும் எப்படிச் சொல்றது?

ஆனா வந்தவங்களுக்குத் தங்க ஒரு எடம் வேணும்ல? மாஸ்டர் கேள்வியோட கூர்மையான பக்கம் அதுதான். 2025-ல மேட்ச்சுக நடந்தது கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல். நாங்க கப்பு தூக்குனது திண்டுக்கல் பக்கம் நத்தத்துல, எதிராளியோட சொந்தக் கிரவுண்டுல. திருப்பூர்ல அந்த வருசம் வரைக்கும் ஒரே ஒரு டி.என்.பி.எல். மேட்ச்கூட நடந்ததில்ல. திருப்பூர்ன்னு பேரு மட்டும் மொதுகுல இருக்கு. கப்பு அடிச்ச டீமோட ஊர்க்காரன் அந்த டீமப் பாக்கணும்னா ஒண்ணு கோயமுத்தூர் பஸ் புடிக்கணும், இல்லைனா தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் தாண்டி நத்தம் போகணும்.

எங்க பெரியப்பா சின்னதா ஒரு பவர் டேபிள் யூனிட் வெச்சிருக்காரு. அங்க கை மடிக்கற அக்காவோட பையன், ஒம்பதாவது படிக்கறான், லெஃப்ட் ஆர்ம் ஸ்பின். சனி ஞாயிறு காலைல இருட்டோட எந்திரிச்சு கோயமுத்தூருக்கு கோச்சிங் போறான். டெர்ஃப் விக்கெட்ல பந்து போடணும்னா அங்கதான் போகணும்ங்கறான். பஸ்ஸுக்கும் ஃபீஸுக்கும் அந்தக்கா ஓவர்டைம் பாக்கறாங்க. நாங்க ஜெயிச்ச மறுநா அவன்கிட்ட, "என்றா, சந்தோசமா?"ன்னேன். "சந்தோசந்தானுங்ணா. அடுத்த வருசம் நம்மூர்ல ஆடுவாங்களா?"ன்னு கேட்டான். நான் பேச்ச மாத்திட்டேன்.

"கிரவுண்டு என்ன கடைல விக்குதா? எடம் எங்க இருக்கு, காசு யாரு குடுப்பா?"ன்னு கேப்பீங்க. நியாயந்தான். கோயமுத்தூருக்கு இன்டர்நேசனல் ஸ்டேடியம்னு 2024 எலெக்சன்ல வாக்குறுதி குடுத்தாங்க. அந்த அளவுக்கெல்லாம் நான் கேக்கல. சேலத்துக்காரரு நடராஜன் தன்னோட சின்னப்பம்பட்டில சொந்தமா ஒரு கிரிக்கெட் கிரவுண்டே கட்டி 2023-ல தொறந்தாரு. ஒரு தனி மனுசன், அதுவும் ஒரு கிராமத்துல. அவரும் நம்ம டீம்லதான் இருந்தாரு. பல்லாயிரம் கோடிக்கு ஏற்றுமதி பண்ற ஊரு, ஒரு நல்ல டெர்ஃப் விக்கெட்டும் நாலு வரிசை கேலரியும் கட்ட முடியாதுன்னு சொன்னா எப்படிங்க நம்பறது? கம்பெனி பேர ஜெர்சில போடறதுக்கு இருக்கற ஆர்வம் இதுலயும் வேணும்.

டீமுக்கு நான் குடுத்த மார்க்க மேல பாத்தீங்க. ஊருக்கு மார்க் போட்டா 3-தான். அந்த மூணும் அந்தக்காவோட ஓவர்டைமுக்கு.

கோவை கிங்ஸ் அண்ணன்கள் வந்து "2022, 2023 என்னாச்சு?"ன்னு கேக்கலாம், தப்பில்ல. 2025-ல நீங்க ப்ளே-ஆஃப் பக்கமே வரலைன்னு நான் பதிலுக்கு எழுதுவேன், அவ்ளோதான். நடு வரிசைக்கு 6 மார்க் கம்மின்னு நெனைக்கறவங்க கணக்கோட வாங்க. வெறும் விசிலோட வராதீங்க.

டிஸ்கி: பேக்கரி மாஸ்டர்கிட்ட இந்தக் கதையெல்லாம் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரிங்க தம்பி, உங்க டீமுதான். ஒத்துக்கறேன். அன்னிக்கு ஜெயிச்ச சந்தோசத்துல டீக்குக் காசு குடுக்காம போயிட்டீங்க, அதக் குடுங்க"ன்னாரு.