பழைய கள் என்ற பழி

நின்றுபோன விஞ்ஞானத் தொடர் ஒன்றைத் தூசு தட்டி மறுபடி எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், 'பழைய கள், புதிய மொந்தை' என்ற தீர்ப்பு அன்றைக்கே தயாராகிவிடும். அந்தத் தொடரை ஒட்டி நாவல்களும் வரப்போகின்றன என்றால் தீர்ப்பு இன்னும் கடுமையாகும். கற்பனை வற்றிவிட்டது, காசுக்கு எழுதுகிறார்கள், நல்ல எழுத்தாளன் செய்கிற வேலையா இது என்பார்கள். தமிழில் இந்தக் குற்றச்சாட்டுக்கு முதலில் கூண்டில் ஏற்றப்படுபவர் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் என்கிற சுஜாதா. 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' எழுதியவர் சினிமாவுக்கும் டி.வி.க்கும் எழுதி வீணாய்ப் போனார் என்று அவருடைய வாசகர்களே சொல்வதுண்டு. அந்தக் கதைகளில் வரும் ரங்கு கடையையும் கே.வி.யையும் ஒரு தட்டில் வைத்து, ரோபாட்டையும் ராக்கெட்டையும் மறு தட்டில் வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது அவர்களுக்கு முன்பே முடிவான விஷயம்.

இந்தத் தீர்ப்புக்குள் பல வாதங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவை நிற்காது.

திரைக்காக எழுதப்படும் நாவல் வெறும் விளம்பரம் என்பது முதல் வாதம். தமிழில் இதற்குப் பொருத்தமான உதாரணம் 'விக்ரம்'. ராஜசேகர் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்து 1986-ல் வெளியான இந்தப் படத்தின் கதையை சுஜாதா குமுதத்தில் தொடராக எழுதினார். ஓவியங்களின் இடத்தில் படத்தின் ஸ்டில்கள் வந்தன. 'அக்னிபுத்திரன்' என்ற ஏவுகணை கடத்தப்படுகிறது; அதை மீட்க ஓர் உளவாளியும் ஒரு கம்ப்யூட்டர் நிபுணியும் போகிறார்கள். இது சுஜாதாவின் முதல் வரிசை நாவல் என்று யாரும் சொல்லப் போவதில்லை. படமும் சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குள் நுழைந்ததும் தள்ளாடத் தொடங்கிவிடுகிறது.

ஆனால் அந்தப் பலவீனத்துக்கு, அது படத்துக்காக எழுதப்பட்டது என்பதைக் காரணமாகச் சொல்ல முடியுமா? 'நைலான் கயிறு' குமுதத்துக்காக வாரம் தவறாமல் எழுதப்பட்டது. 'கொலையுதிர் காலம்' அப்படித்தான். 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனுக்காக அப்படித்தான். ஆசிரியர் கேட்டார், கெடு வைத்தார், பக்க அளவு சொன்னார். கேட்டு வாங்கி எழுதியது என்பதாலேயே ஒன்று கெட்டுப்போகும் என்றால் சுஜாதாவின் பாதி அலமாரியைக் காலி செய்ய வேண்டியிருக்கும். கல்கியையும் கூடவே இறக்கிவைக்க வேண்டும். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதைதானே.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. திருச்சி தூய வளனார் கல்லூரியில் சுஜாதா இயற்பியல் படித்த காலத்திலேயே அங்கே இன்னொரு மாணவரும் படித்துக்கொண்டிருந்தார்: ஏ.பி.ஜே. அப்துல் கலாம். சுஜாதாவின் 'அக்னிபுத்திரன்' திரையில் பாய்ந்தது 1986-ல். கலாம் தலைமையிலான ஏவுகணைத் திட்டத்தின் 'அக்னி' முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது 1989 மே மாதம். இதைத் தீர்க்கதரிசனம் என்று கொண்டாடுபவர்கள் கொண்டாடட்டும். பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த, பிறகு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்த ஒரு பொறியாளர், தன் தொழிலுக்குப் பக்கத்தில் இருந்த விஷயத்தை வெகுஜன வாசகருக்கு எடுத்துக்கொண்டு போனார் என்பதே விஷயம். அதற்கு ஒரு மசாலாப் படமும் ஒரு வாரப் பத்திரிகையும் அவருக்கு வண்டியாக உதவின.

வெளியே பார்த்தால் இந்த முதல் வாதம் இன்னும் மோசமாக அடிபடுகிறது. பி.பி.சி.யின் விஞ்ஞானத் தொடரான 'டாக்டர் ஹூ' 1963-ல் தொடங்கியது. அதன் பழைய பகுதிகள் பலவற்றின் பதிவுகளை அந்த நிறுவனமே அழித்துவிட்டது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் பல பத்தாண்டுகளுக்குக் காணாமலே கிடந்தன. அந்தக் கதைகளைப் பிற்காலத்துச் சிறுவர்கள் தெரிந்துகொண்டது 1973-லிருந்து வெளிவந்த டார்கெட் பதிப்பக நாவல்கள் வழியாகத்தான். அவற்றில் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை எழுதிய டெரன்ஸ் டிக்ஸ் இலக்கியப் பரிசு எதற்கும் ஆசைப்பட்டவர் மாதிரி தெரியவில்லை. திரையில் நடந்ததைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் சொன்னார். நாடாவை அழித்த இடத்தில் காகிதம் காப்பாற்றியது.

1989-ல் தொடர் நின்றது. 1991 முதல் வர்ஜின் பதிப்பகம் அதே கதாபாத்திரங்களை வைத்துப் புதிய நாவல்களை வெளியிட்டது. எழுதியவர்களில் பலர் தொடரைப் பார்த்து வளர்ந்த இளைஞர்கள். அவர்களில் ஒருவரான ரஸல் டி. டேவிஸ் 1996-ல் அந்த வரிசையில் ஒரு நாவல் எழுதினார். 2005-ல் தொடரை மீட்டெடுத்தவரும் அவரேதான். பால் கார்னெல் 1995-ல் எழுதிய 'ஹ்யூமன் நேச்சர்' என்ற நாவல், 2007-ல் டாக்டராகப் புதிய நடிகரை வைத்து அதே தொடரின் இரண்டு பகுதிகளாக வந்து ஹியூகோ விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. எச்சில் இலை என்று ஒதுக்கப்பட்ட நாவல்களிலிருந்துதான் தொடர் தன் அடுத்த தலைமுறை எழுத்தாளர்களைப் பொறுக்கிக்கொண்டது.

அடுத்த வாதம், மறுபடி எடுப்பது கற்பனைப் பஞ்சம் என்பது. இதைச் சொல்கிறவர் ஸ்ரீரங்கத்துக்காரராக இருந்தால் அவரை அழைத்துக்கொண்டுபோய் நிறுத்த ஓர் இடம் இருக்கிறது. அரங்கன் கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே உள்ள கம்பர் மண்டபம். வால்மீகி சொன்ன கதையை மறுபடி சொன்ன கம்பர் இங்கேதான் அரங்கேற்றினார் என்பது மரபு. அந்த அரங்கேற்றத்தில் எழுந்ததாகச் சொல்லப்படும் ஆட்சேபம் இன்றைய ரசிகர் சண்டைகளைக் கேட்டது போலவே இருக்கும். யுத்த காண்டத்தில் விபீஷணன் வாயிலாகக் கம்பர் சொல்லும் இரணியன் வதைப் படலம் மூலத்தில் இல்லையே, எப்படிச் சேர்க்கலாம் என்று புலவர்கள் மறித்தார்களாம். பக்கத்தில் மேட்டின் மேல் இருந்த அழகியசிங்கர் தலையசைத்து ஒப்புதல் கொடுத்தார் என்று கதை முடிகிறது. நரசிம்மர் தலையசைத்தாரோ இல்லையோ, மூலத்தில் இல்லாததைச் சேர்த்த அந்தப் படலம் கம்பனின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று என்பதில் வாசகர்களுக்குச் சந்தேகம் இல்லை. மூலத்துக்கு விசுவாசமாக இருப்பது மட்டுமே அளவுகோல் என்றால் முதலில் அதை நீக்க வேண்டும்.

விஞ்ஞானத் தொடர்களில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'. 1978-ல் ஒரே பருவம் ஓடி நின்ற அந்த அமெரிக்கத் தொடரை 2003-ல் ரொனால்ட் டி. மூர் மறுபடி எடுத்தார். பழைய கதையில் எதிரிகளான சைலான் இயந்திரங்களைப் படைத்தது வேற்றுக்கிரக இனம். புதியதில் படைத்தவர்கள் மனிதர்களே. அந்த ஒரு மாற்றம் கதையின் குற்றவுணர்வை முழுக்க இடம் மாற்றிவிட்டது. ஸ்டார்பக் என்ற விமானி ஆணாக இருந்தார், பெண்ணானார், ரசிகர்கள் கொதித்தார்கள். 2009-ல் ஐக்கிய நாடுகள் சபையில் மனித உரிமை பற்றிய ஒரு விவாதமே இந்தத் தொடரை முன்வைத்து நடந்தது. 1978-ன் தொடரை வைத்து அப்படி ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்வது கஷ்டம். அதே சமயம், புதிய தொடரை ஒட்டி வந்த ஒரு கைப்பிடி நாவல்கள் சுமார்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறுஆக்கம் சிறந்ததென்றால் கூட வரும் நாவலும் சிறந்ததாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

நம் ஊரில் 2022-ல் லோகேஷ் கனகராஜ் 'விக்ரம்' என்ற பெயரையும் கமலையும் பழைய பாட்டையும் எடுத்துக்கொண்டார். ராக்கெட்டையும் சலாமியாவையும் விட்டுவிட்டார். வசூலில் அவர் கணக்கு சரி. ஆனால் பழைய படத்தில் கொஞ்சமாவது இருந்த விஞ்ஞானம் போதைப்பொருள் மூட்டைகளுக்கு அடியில் காணாமல் போனது. இந்த மறுவருகையைக் குறை சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லவேண்டிய குறை அதுதான். பழையதைத் தொட்டதே தப்பு என்பது குறையே ஆகாது.

நாவல் திரைக்குப் போனால் நாவல் செத்துவிடும் என்றும் ஒரு கவலை உண்டு. 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தது. ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் 2021-ம் ஆண்டு இந்தியாவை, இரண்டெழுத்துப் பெயர் மட்டுமே வைத்துக்கொள்ளலாம், குழந்தை பெற அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற நாட்டை, அன்றைய தூர்தர்ஷனின் அரங்குகளும் பணமும் தாங்கவில்லை. நாயகி நிலாவின் பயம் எழுத்தில் தைத்த மாதிரி அங்கே தைக்கவில்லை. சரி, அதனால் நாவலுக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. புத்தகம் பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வும் கூடவே விற்கிறது. ஜீனோ என்ற அந்த இயந்திர நாய் புத்தகம் படித்துப் படித்து மனிதரைவிட விவரமாகிப்போனதை வாசித்தவர்கள், டி.வி. நாயை மறந்துவிட்டு எழுத்து நாயை வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'எந்திரன்' என்பது 'என் இனிய இயந்திரா'வின் படமாக்கம் என்று பலரும் நம்புகிறார்கள். சுஜாதா அதில் ஷங்கர், மதன் கார்க்கி ஆகியோரோடு வசனம் எழுதியது உண்மை; 2008 பிப்ரவரியில் அவர் இறந்தபின் 2010 அக்டோபரில் படம் வந்தது. ஆனால் படத்தில் ஜீவாவின் ராஜ்ஜியம் இல்லை, நிலா இல்லை, ஜீனோ இல்லை. தன்னை உருவாக்கியவரின் காதலியையே விரும்பும் மனித வடிவ ரோபாட்டும், அரசை எதிர்க்கும் ஒரு பெண்ணுக்குத் துணை போகும் நாயும் ஒன்றே என்றால், இயந்திரம் வரும் கதை எல்லாமே ஒரே கதைதான்.

உண்மையில் 'என் இனிய இயந்திரா'வுக்கு இப்போது ஒரு மறுவருகை தேவைப்படுகிறது. கதை நடந்த ஆண்டு கடந்துவிட்டது என்பதால் தேதியை மாற்றியே ஆகவேண்டும். ஜீவா ஒரு ஹோலோகிராம் என்ற ரகசியம் எண்பதுகளில் வாசகரைத் தூக்கிவாரிப் போட்டது. இறந்துபோன தலைவர்களின் குரலையும் முகத்தையும் கணினியில் செய்து தேர்தல் மேடையில் பேசவைக்கும் காலத்தில் அதை முதல் அத்தியாயத்திலேயே போட்டு உடைத்துவிட்டு, மக்கள் தெரிந்தே ஏன் கும்பிடுகிறார்கள் என்று வேறு இடத்திலிருந்து கதையைத் தொடங்கவேண்டும். ஜீனோவைத் தொடவேண்டாம். மிச்சத்தை மாற்றி எழுத ஒருவர் வேண்டும், அவர் அதைத் தொடருக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் எழுதினாலும் நல்லதே.